உரைகல்லும் திராவகமும்

நம் குலத்தொழிலுக்குச் சின்னம் யாதெனின், சம்மட்டி என்பார் சிலர். துலாக்கோல் என்பார் வேறு சிலர். நாம் உரைகல்லையே கூறுவோம். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அக்கல்லின் இலக்கணத்தை விரித்துரைக்கின்றது. நகக்கண்ணில் காவிப்பொடியை ஒளித்துவைத்துக் கல்லில் தேய்க்கும் வஞ்சனையையும் அது எடுத்துக்காட்டிப் பொற்கொல்லரை ஐயத்துடனேயே நோக்குகின்றது. இது நமக்கு இனிய செய்தியன்று. எனினும் அவ்வையத்திற்கு இடமிருந்தது. கல் காட்டுவது நிறத்தை. நிறத்தை மதிப்பதோ கண். வெள்ளி கலந்தால் பொன் வெளிறும், செம்பு கலந்தால் சிவக்கும். இரண்டையும் அளவறிந்து கலந்தாலோ மஞ்சள் நிறம் பெரும்பாலும் மாறாதிருக்கும். தேர்ந்த கண்ணும் அங்கே ஏமாறும்.

இக்குறையைத் தீர்த்தது வெடியுப்புத் திராவகம். வெடியுப்பைப் படிகாரம் முதலியவற்றோடு வாலையிலிட்டு வடிக்கும் முறை, கேபர் என்னும் பெயரால் வழங்கும், கி.பி. 1300ஐ ஒட்டிய லத்தீன் நூல்களிற் காணப்படுகின்றது. அதற்கு நெடுங்காலம் முன்பே, கி.மு. 6ஆம் நூற்றாண்டில், லிடியா தேசத்துச் சார்டிஸ் நகரத்தார் பொன்னை உப்புடன் சூளையிலிட்டு வெள்ளியை நீக்கினர்; அதற்கு நெருப்பும் பொறுமையும் மிக வேண்டும். திராவகமோ வெள்ளியையும் செம்பையும் எளிதிற் கரைத்துப் பொன்னை மட்டும் விட்டுவிடும்.

ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. பொன் மிகுந்திருப்பின், உள்ளிருக்கும் வெள்ளியை அது மூடிக் காத்துவிடும். திராவகம் உட்புக வழியில்லை. ஆதலின் பொன் ஏறக்குறைய காற்பங்காகும்வரை வெள்ளியைக் கூட்டி உருக்கி, மெல்லிய தகடாக்கித் திராவகத்தில் இடுவர். பொன்னைச் சுத்தி செய்ய அதில் வெள்ளியைக் கலப்பதா என்று தொழில் பயிலும் பிள்ளைகள் நகைப்பதுண்டு! எஞ்சும் பொன் கபில நிறப் பொடியாய் நிற்கும். காய்ச்சினால் மஞ்சள் ஒளி திரும்பும். கரைந்த வெள்ளியும் நஷ்டமாவதில்லை. செப்புத் தகட்டை அந்நீரில் இட்டால் செம்பு கரைந்து நீர் நீலமாக, வெள்ளி வெளிப்பட்டு அடியிற் படியும்.

வெடியுப்புத் திராவகத்தோடு உப்புத் திராவகம் சேர்ந்தால் ராஜ திராவகமாகும். பொன்னும் அதற்குத் தப்பாது. உயர்ந்த மாற்றைச் சோதிக்க உப்புத் திராவகத்தைச் சிறிதளவே கூட்டுவதன் காரணம் இதுவே. கல்லில் உரைத்த கோட்டின்மேல் ஒரு துளி விட்டு, கோடு நிற்கின்றதா மறைகின்றதா என்று பார்ப்பர். மாற்றுத் தெரிந்த ஊசியின் கோட்டையும் அருகே இழுத்துவைப்பர். அப்போது தீர்ப்புக் கண்ணை மட்டும் சார்ந்ததன்று. வாங்குவோரும் உடனிருந்து காணலாம்.

இச்சோதனைக்குக் கல்லும் திராவகத்திற்கு அசையாததாய் இருத்தல் வேண்டும். நல்ல உரைகல் சிக்கிமுக்கியின் இனம். அதைத் திராவகம் தீண்டாது. கருநிறச் சுண்ணாம்புக் கல்லோ பார்வைக்கு அதனைப் போன்றதாயினும், துளி பட்டவுடன் நுரைத்துக் கோட்டையும் குலைத்துவிடும். புதுக்கல் வாங்கும் அன்பர்கள், பொன்னை உரைக்குமுன் வெறுங்கல்லின்மேல் ஒரு துளி விட்டுப் பார்ப்பாராக.