மேடையிலிருந்து திரைக்கு: கே. பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வு

ஈழத்து நாடக வரலாற்றை எழுதுவோர் தென்னிந்திய நாடகக் கம்பனிகளின் வருகையை ஓரிரு வரிகளிற் குறித்துவிட்டு விரைந்து கடந்து விடுவர். ஆயினும், கொடுமுடியில் 1908இற் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் வாழ்வு திசைமாறியது கொழும்பு மேடையிலேயே. 1920களின் பிற்பகுதியில், அங்குதான் அவர் செங்கோட்டைக் கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் நடிப்பினும் குரலே நாடகத்தைத் தாங்கிற்று. கடைசி வரிசைக்கும் எட்டும் குரல் இருவருக்கும் வாய்த்திருந்தது. 1927இல் மணம்புரிந்தனர். 1933இற் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அதன்பின் ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என அவர் உறுதி பூண்டார். இதனைப் பதிபக்தியாக மட்டுமே போற்றுவது வழக்கம். அவ்வுறுதி அவரது தொழிலை எவ்வாறு உருவாக்கிற்று என்பதே நாம் ஆராயவேண்டியது. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனா’ரில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில், தோன்றினார். அதற்கு அவர் பெற்றதாகக் கூறப்படும் ஊதியம் ஓர் இலட்சம் ரூபா. அந்நாளில் அது கேள்விப்படாத தொகை. படத்தைக் கல்கி எள்ளி நகையாடியதும் உண்டு. 1940இல் ‘மணிமேகலை’ வந்தது.

காதல் நாயகியரை முதுமை திரையினின்று அகற்றிவிடும். சுந்தராம்பாளுக்கோ முதுமையே வேடமாயிற்று. ஜெமினியின் ‘ஔவையார்’ (1953) வெளிவந்தபோது அவருக்கு வயது 44. அதே ஔவையாகத் ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967) ஆகியவற்றிலும் பாடி நடித்தார். ‘பூம்புகா’ரில் (1964) கவுந்தியடிகள். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டுவரும் இக்கரையோர மக்களுக்கு அக்கதை அந்நியமானதன்று.

அமெரிக்காவின் ஹெலன் ஹேய்ஸும் 1932இலும் பின்னர் 1970ஆம் ஆண்டுப் படமொன்றுக்காகவும் ஒஸ்கார் பெற்ற நெடுங்காலக் கலைஞரே. ஆனால், அவர் திரும்பிச் செல்லப் பிராட்வே மேடை இருந்தது. சுந்தராம்பாள் விட்டுவந்த கம்பனி மேடையையோ பேசும்படம் விழுங்கிவிட்டது.

காங்கிரஸ் மேடைகளிற் பாடிய அவர், 1950களின் தொடக்கத்திற் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். கணவனை இழந்த பெண்ணை மங்கல அவைகளினின்று விலக்கிய சமூகம், வெண்ணுடையும் திருநீறுமாக நின்ற அவரது பாட்டைக் காசுகொடுத்துக் கேட்டது. இம்முரண்பாட்டை நம் விமரிசகர் போதிய அளவு கவனிக்கவில்லை. 1969இல் வந்த ‘துணைவன்’ படப் பாடலுக்காகத் தேசிய விருதும், 1970இற் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1980இல் மறைந்தார். கொழும்பு மேடையில் ஒலித்த அவ்விளங்குரலை அறிய இன்று எஞ்சியிருப்பன அக்கால இசைத்தட்டுக்களே.