அறிக்கையில் எழுதாமல் விட்ட சொல்



நம் மாணவர்களின் பாடநூலில் இடம்பெறாத வரலாறு ஒன்றை இன்று எழுத விரும்புகிறேன். காற்பந்துத் திடலில் நடுவரை இழித்துப் பேசும் ஆட்டக்காரருக்குத் தண்டனை வழங்கும் வழக்கம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதே அவ்வரலாறு. இதனை எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறு ஒன்றுதான். ஆகவே, அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பொங்கலை முன்னிட்டு எழுவர் காற்பந்துப் போட்டி நடைபெற்றது. நடுவராகப் பணியாற்ற என்னை அழைத்திருந்தனர். ஓர் ஆட்டத்தில் பந்து கையில் பட்டதற்காகத் தண்ட உதை வழங்கினேன். அதனை ஏற்காத இளைஞர் ஒருவர், என் தாயை இழிவுபடுத்தும் சொல்லை உரக்கக் கூறினார். அவர் என் முன்னாள் மாணவர். திடலைச் சுற்றி என் இந்நாள் மாணவர்கள் நின்றுகொண்டிருந்தனர். நான் சிவப்பு அட்டையைக் காட்டி அவரை வெளியேற்றினேன். அதுவரை சரிதான்.

ஆட்டம் முடிந்து அறிக்கை எழுதும்போதுதான் தவறினேன். ‘இளைஞர் தம் வாழ்வில் இப்பொழுதுதான் கால் ஊன்றுகிறார், அவர் பெயர் கெட வேண்டாம்’ என்று எண்ணி, அவர் கூறிய சொல்லை எழுதாமல் ‘ஒழுங்கற்ற நடத்தை’ என்று மட்டும் குறித்தேன். ஏற்பாட்டுக் குழுவினர் அதனைப் படித்துவிட்டு, “பெரிய குற்றம் ஒன்றும் இல்லையே, சார்” என்று கூறி, அன்று மாலை நடந்த இறுதி ஆட்டத்தில் அவரை விளையாட அனுமதித்தனர்.

மறுவாரம் பள்ளியின் ஓய்வு நேரத்தில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், விசில் ஊதிக்கொண்டிருந்த தன் வகுப்புத் தோழனை அதே சொல்லால் ஏசினான். அழைத்து விசாரித்தேன். “பெரிய அண்ணன் அன்னைக்கு உங்களையே சொன்னாங்களே சார், அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே” என்றான். நன்னெறிக் கல்வி போதிக்கும் எனக்கு அதற்கு விடை கூறத் தெரியவில்லை.

நடுவர் இல்லாத ஆட்டம்

1863ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காற்பந்துக்கு முதன்முதலாகப் பொது விதிகள் வகுக்கப்பட்டபோது அவற்றில் நடுவர் என்ற ஒருவரே இல்லை. கனவான்கள் விளையாடும் ஆட்டத்தில் கருத்து வேறுபாடு எழுந்தால் இரு தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினார்கள். அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. பின்னர் அணிக்கு ஒருவராக இரண்டு கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களும் ஒத்துப்போகாதபோது முடிவு கூற மூன்றாமவர் ஒருவர் திடலுக்கு வெளியே நின்றார். 1891ஆம் ஆண்டில்தான் அம்மூன்றாமவர் திடலுக்குள் அழைக்கப்பட்டு முழு அதிகாரம் பெற்றார். மற்ற இருவரும் எல்லைக்கோட்டுக்குச் சென்றனர்.

நடுவர் மேலிருந்து திணிக்கப்பட்டவர் அல்லர். தங்களால் தீர்த்துக்கொள்ள முடியாத ஒன்றைத் தீர்த்துவைக்க ஆட்டக்காரர்களே வேண்டி உள்ளே அழைத்துக்கொண்டவர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மொழி புரியாத நடுவரும் ஒரு தலைமையாசிரியரும்

1966ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், இலண்டன் வெம்பிளி அரங்கில் உலகக் கிண்ணக் காலிறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தும் அர்ஜெண்டினாவும் மோதின. அர்ஜெண்டினா அணித்தலைவர் அந்தோனியோ ராட்டின், நடுவர் ருடோல்ஃப் கிரைட்லைனிடம் இடைவிடாது வாதாடினார். முற்பாதி முடிவதற்குள் நடுவர் அவரை வெளியேற்றினார். ராட்டின் பேசியது ஸ்பானிய மொழி. ஜெர்மானியரான நடுவருக்கோ அம்மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே தாம் கேட்டதாக ராட்டின் பின்னாளில் கூறிவந்தார். நாவால் செய்த வன்முறைக்காகவே அவரை வெளியேற்றியதாக நடுவர் தரப்பில் கூறப்பட்டது. ராட்டின் பல நிமிடங்கள் திடலைவிட்டு அகல மறுத்தார். அவருக்குப் பின்னர் 4 அனைத்துலக ஆட்டங்களில் விளையாடத் தடை விதிக்கப்பட்டது.

அதே ஆட்டத்தில் எச்சரிக்கப்பட்டிருந்த இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்களுக்கு, நாளிதழில் படிக்கும்வரை அச்செய்தியே தெரியாதாம். அப்போட்டியில் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், இக்குழப்பத்தை எண்ணியபடி காரில் சென்றுகொண்டிருந்தார். சாலைச் சமிக்ஞை விளக்கு மஞ்சளாகிச் சிவப்பானது. மஞ்சள் என்றால் நிதானம், சிவப்பு என்றால் நில். உலகின் எந்த மொழி பேசுபவருக்கும் இது புரியுமே என்று அவருக்குத் தோன்றியது. 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் இரு நிற அட்டைகளும் அறிமுகமாயின. அந்தக் கென் ஆஸ்டன் தொழிலால் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் என்பதை ஆசிரியர் நண்பர்களுக்குப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உலகக் கிண்ணத்தில் முதல் சிவப்பு அட்டையைப் பெற்றவர் சிலி நாட்டின் கார்லோஸ் காஸ்ஸெலி; நாள் 1974 ஜூன் 14. அதிலிருந்து ஐந்தாம் நாள், ஜூன் 19இல், மியூனிக் நகரில் போலந்து 7–0 என்ற கோல் கணக்கில் ஹைட்டியை வென்ற ஆட்டத்தை நடத்தியவர் யார் தெரியுமா? சிங்கப்பூரைச் சேர்ந்த கோவிந்தசாமி சுப்பையா! ஜார்ஜ் சுப்பையா என்று நம் வட்டாரத்தில் அறியப்பட்ட அவர், உலகக் கிண்ண ஆட்டத்துக்கு நடுவராக நின்ற முதல் சிங்கப்பூரர். கோல் அடித்தவர்களைக் கொண்டாடும் நாம், விசில் ஊதிய தமிழரை மாணவர்களிடம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

சொல் கையாக மாறிய வாரம்

‘ஒரு சொல்தானே, அதற்கு ஏன் இத்தனை கடுமை?’ என்று கேட்போர் உண்டு. 2012ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் ஒரே வாரத்தில் நடந்த இரு நிகழ்வுகளை அவர்களுக்குக் கூறுவேன்.

டிசம்பர் 2ஆம் நாள், நெதர்லாந்தின் ஆல்மேரே நகரில் இளையோர் ஆட்டம் ஒன்று நடைபெற்றது. மகன் விளையாடும் ஆட்டத்தில் ஊதியமின்றி எல்லைக்கோட்டு நடுவராக நின்றார் ரிச்சர்ட் நியூவன்ஹைசன். ஆட்டம் முடிந்ததும் எதிரணி இளைஞர்கள் அவரை அடித்து உதைத்தனர். மறுநாள் அவர் உயிரிழந்தார். அவ்வார இறுதியில் அந்நாட்டின் பொழுதுபோக்குக் காற்பந்து ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு ஆறு இளைஞர்களும், அவர்களுள் ஒருவரின் தந்தையும் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். ஒரு தந்தையும் அதில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

டிசம்பர் 9ஆம் நாள், கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் மோகன் பகான் அணியும் ஈஸ்ட் பெங்கால் அணியும் மோதின. ஈஸ்ட் பெங்கால் கோல் அடித்ததை எதிர்த்து நடுவர் விஷ்ணு சௌகானிடம் சீறிய மோகன் பகான் வீரர் ஒடாஃபா ஒகோலிக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. கூட்டம் கொந்தளித்தது. கல் பட்டு அதே அணியின் ரஹீம் நபி முகத்தில் காயமுற்றார். பிற்பாதியில் விளையாட மோகன் பகான் மறுத்தது. அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனம் முதலில் அவ்வணியை ஐ-லீக் போட்டியிலிருந்தே தடை செய்தது. 2013 ஜனவரியில் தடை நீக்கப்பட்டாலும், 2 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டு, அதுவரை பெற்ற புள்ளிகள் அனைத்தும் பறிக்கப்பட்டன. ஒருவர் கோபத்தைத் தொடங்கினார். அடிபட்டவர் அவருடைய தோழர். விலை கொடுத்தது அணி முழுவதும்.

எழுதப்படாத சொல்லின் வலிமை

இன்றைய காற்பந்து விதிகளின் 12ஆம் விதி தெளிவாக இருக்கிறது. நடுவரின் முடிவை ஏற்காமல் சொல்லாலோ செயலாலோ எதிர்ப்புக் காட்டினால் மஞ்சள் அட்டை. இழிவான, அவமதிக்கும் சொல்லையோ சைகையையோ பயன்படுத்தினால் சிவப்பு அட்டை. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் 2019ஆம் ஆண்டு ஒழுங்கு விதித்தொகுப்பின்படி, நடுவரிடம் தகாத முறையில் நடந்துகொள்பவருக்குக் குறைந்தது 4 ஆட்டங்கள் அல்லது தக்க காலத் தடை. கைநீட்டித் தாக்குபவருக்குக் குறைந்தது 15 ஆட்டங்கள் அல்லது தக்க காலத் தடை.

ஆயினும், விதி இருந்தால் மட்டும் போதாது. 2017 மார்ச் 23ஆம் நாள் சிலியுடன் நடந்த ஆட்டத்தில், லியோனல் மெஸ்ஸி துணை நடுவரை இழித்துப் பேசியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. ஐந்து நாள் கழித்து ஃபிஃபா அவருக்கு 4 ஆட்டத் தடை விதித்தது. அன்றே பொலிவியாவிடம் அவர் இல்லாத அர்ஜெண்டினா 0–2 என்று தோற்றது. ஆனால், மே மாதத்தில் மேல்முறையீட்டில் தடை நீங்கியது. அவருடைய நடத்தை கண்டிக்கத்தக்கதே, எனினும் குற்றத்தை நிறுவப் போதிய சான்று இல்லை என்றது குழு. ஆட்டம் முடிந்து நடுவர் எழுதிய அறிக்கையில் அச்சம்பவம் இடம்பெற்றிருக்கவில்லை.

இச்செய்தியைப் படித்தபோது பொங்கல் போட்டியில் நான் எழுதிய அறிக்கை நினைவுக்கு வந்தது. எழுதாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை, அது நியாயமும்கூட. ஆகவே, எழுத வேண்டியவர் எழுதாமல் விடுவது கருணை ஆகாது.

தோட்டமும் வசைச்சொல்லும்

நம் இளைஞர்களுக்கு நடுவர்மீது ஏன் இத்தனை எரிச்சல் என்று பலமுறை சிந்தித்திருக்கிறேன். விடையின் ஒரு பகுதி நம் தோட்ட வரலாற்றில் இருக்கிறது என்பது என் கருத்து.

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் தமிழர் கைகள் ஏராளம். மலாயாத் தோட்டங்களில் வசைச்சொல் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே பாய்ந்தது. துரை கிராணியை ஏசுவார், கிராணி கங்காணியை ஏசுவார், கங்காணி பிரட்டுக்களத்தில் தொழிலாளியை ஏசுவார். தொழிலாளி யாரை ஏசுவது? 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயத்தை ஒழிக்க வேண்டும், கொடுமை செய்யும் பணியாளர்களை மாற்ற வேண்டும் என்றும் கோரினார்கள். அவர்கள் கேட்டது மரியாதை. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்தப் பழைய காயத்தின் வடுவோ என்னவோ, விசிலுடன் ஒருவர் நின்றால் நம் இளைஞர் கண்ணுக்கு அவர் இன்னொரு கங்காணியாகத் தோன்றுகிறார். அவரைத் திருப்பி ஏசுவது வீரமாகவும் தோன்றுகிறது. இங்குதான் நாம் ஒரு வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டும். கங்காணியின் தண்டனைக்கு எழுதப்பட்ட விதி இல்லை, அறிக்கை இல்லை, மேல்முறையீடும் இல்லை. நடுவரின் தண்டனைக்கு இவை மூன்றும் உண்டு. மெஸ்ஸிக்குக் கிடைத்த மேல்முறையீடு தோட்டத்து இளைஞருக்கும் கிடைக்க வேண்டும். மேலும், நடுவர் ஆட்டக்காரர்களே வேண்டி அழைத்துக்கொண்டவர் என்பதை மேலே கண்டோம். அவரை ஏசுவது கிள்ளானில் போராடியவர்களின் வழியன்று, கங்காணியின் வழியே.

கடுமையா, உறுதியா?

தண்டனை கடுமையாக இருப்பதைவிட உடனடியாகவும் உறுதியாகவும் இருப்பதே பயன் தரும் என்பது அண்மைக்கால அனுபவம். இங்கிலாந்தில் அடித்தளநிலை ஆட்டங்களில், நடுவரிடம் வாதாடுபவரை 10 நிமிடம் வெளியே அமர்த்தும் முறையைச் சோதித்தார்கள். அவ்வாறு வாதாடுவது 38 விழுக்காடு குறைந்ததாக அறிவித்து, 2019–20 பருவத்தில் அதனைப் பரவலாக நடைமுறைப்படுத்தினார்கள். 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், அணித்தலைவர் மட்டுமே நடுவரை அணுகி விளக்கம் கேட்கலாம் என்ற ஒழுங்கு பின்பற்றப்பட்டது. கேள்வி கேட்கும் உரிமை பறிக்கப்படவில்லை. கேட்கும் முறையே வகுக்கப்பட்டது.

இப்போது எங்கள் பள்ளித் திடலிலும் இதனையே பின்பற்றுகிறேன். மாணவ நடுவரை ஏசுபவன் பத்து நிமிடம் வெளியே அமர வேண்டும். அடுத்த ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் அவனே விசிலை ஏந்த வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திடலோரம் நிற்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளின் காதுகள் நம் வாய்க்கு மிக அருகில் இருக்கின்றன.

பெரியவர்களின் ஆட்டங்களுக்கு நடுவராகச் செல்லும்போது, இப்பொழுதெல்லாம் சொன்ன சொல்லைச் சொன்னபடியே அறிக்கையில் எழுதிவிடுகிறேன். எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. ஆனால், அன்று அந்த நான்காம் ஆண்டு மாணவனுக்கு விடை கூற இயலாமல் நின்றேனே, அதனினும் இது பெரிய கூச்சம் அன்று.