வாளும் வாரிசும்

மதுரைச் சீமையின் பழைய வாள்வீச்சுக்கு வாரிசு என்று ஒலிம்பிக் வாள்வீச்சாளர் பவானி தேவியைக் கொண்டாடுவது அழகான கற்பனை. 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பினியார், தென்பாளையங்களில் ஆயுதம் தாங்கவே தடை விதித்தார்கள். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் மிச்சத்தையும் முடக்கியது. சிலம்பம் பிழைத்ததே என்பார்கள். உண்மைதான். ஆனால் சிலம்பத்தில் கம்பு சுழலும்; பவானியின் சேபர் வாள் ஆட்டமோ 14 மீட்டர் தடத்தில் முன்னேறி, பின்வாங்கி, எதிராளியின் இடுப்புக்கு மேல் தொடுவது; தொட்டதைச் சொல்வது மின்கருவி. தொன்மைப் பெருமை பேசுவோர் இந்தக் கருவியை ஏனோ கவனிப்பதில்லை.

சென்னைப் பள்ளியில் தொடங்கிய பவானி தேர்ந்தது தலச்சேரி விளையாட்டு ஆணைய மையத்தில். ஒலிம்பிக் சென்ற முதல் இந்திய வாள்வீச்சாளராக, டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என வென்று, அடுத்ததில் 7-15 எனத் தோற்றார். 2023இல் ஆசிய வெண்கலம். இதில் பரம்பரைக்குப் பங்கில்லை, பள்ளிக்கும் பயிற்சிக்குமே பங்கு. மதுரைப் பள்ளிகளுக்கும் அரசு அந்தத் தடத்தையும் பயிற்றுநரையும் தரட்டும்.