யாரோ கொடுக்கும் காசு

கூகுளில் தேடுகிறோம். யூடியூபில் பாட்டுக் கேட்கிறோம். ஃபேஸ்புக்கில் பழைய பள்ளித் தோழர்களைக் கண்டுபிடிக்கிறோம். எதற்கும் பில் வருவதில்லை. ஆனால் இவற்றை நடத்தும் நிறுவனங்கள் உலகின் பெரும் பணக்கார நிறுவனங்கள். 2023இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் ஈட்டிய வருவாய் சுமார் 30,700 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 23,800 கோடி விளம்பரத்தில் வந்தது. இணையத்தில் சந்தா உண்டு, கமிஷன் உண்டு, நேரடிச் சரக்கு விற்பனையும் உண்டு. ஆனாலும் பார்க்கிறவருக்கு இலவசம், பார்க்க வைக்க விரும்புகிறவரிடம் வசூல் என்ற ஏற்பாட்டைப் போல உலகம் முழுக்கப் பரவியது வேறில்லை. கலிஃபோர்னியாவின் கணினி இளைஞர்கள் கண்டுபிடித்த உத்தி இது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு ஏறத்தாழ இருநூறு வயதாகிறது. ஊர் நியூயார்க், தொடங்கி வைத்தவர் வேலை சரியாக வராமல் தவித்த ஓர் அச்சகக்காரர்.

அன்றைய நியூயார்க்கில் ஒரு நாளிதழின் விலை 6 சென்ட். கூலி வேலை செய்கிறவர் வாங்கக்கூடிய பொருளல்ல அது. கப்பல் வரவு, சரக்கு விலை, கட்சித் தலைவர்களின் பேச்சு என்று வணிகர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் வேண்டியதை மட்டும் அச்சிட்டு, ஆண்டுச் சந்தாவுக்கு அனுப்பினார்கள். 23 வயது பெஞ்சமின் டே, தன் அச்சகத்துக்குத் தானே வேலை உண்டாக்கிக்கொள்ள ஒரு நாளிதழ் தொடங்கினார். 1833 செப்டம்பர் 3 அன்று வெளிவந்த 'தி சன்' இதழின் விலை 1 சென்ட். அந்த விலைக்கு விற்றால் தாள், மை, கூலி எதற்கும் கட்டுப்படியாகாது. மிச்சத்தை விளம்பரக்காரர்கள் ஈடுகட்ட வேண்டும். ஆனால் முதல் நாள் அவருக்கு விளம்பரம் தர யாருமில்லை. அதற்கும் அவர் வழி கண்டார். மற்ற நாளிதழ்களில் வந்த விளம்பரங்களை யாரையும் கேட்காமல் எடுத்துத் தன் இதழில் போட்டுக்கொண்டார். பக்கம் நிறைந்திருப்பதைப் பார்த்தால் உண்மையான விளம்பரக்காரர்கள் வருவார்கள் என்பது கணக்கு. வந்தார்கள்.

டே இதழை வீட்டுக்கு அனுப்பாமல் தெருவில் விற்றார். வேலையில்லாதவர்கள் வரலாம் என்று அவர் போட்ட அறிவிப்பைப் பார்த்து வந்து நின்றது ஒரு பத்து வயதுச் சிறுவன். அமெரிக்கத் தெருக்களில் கூவி விற்ற பத்திரிகைப் பையன்களின் வரிசை அங்கே தொடங்குகிறது. நூறு பிரதியை 67 சென்ட் ரொக்கத்துக்கு வாங்கி, ஒரு டாலருக்கு விற்றார்கள். செய்தியும் மாறியது. போலீஸ் நீதிமன்றத்தில் தினமும் நடக்கும் குடித் தகராறுகளையும் குடும்பச் சண்டைகளையும் எழுத ஓர் ஆளை டே அமர்த்தினார். அதிகம் பேர் படித்தால்தான் விளம்பரக்காரர் அதிகம் தருவார் என்றானதும், அதிகம் பேரை இழுப்பது எதுவோ அதுவே செய்தி ஆயிற்று.

எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற எல்லையை 'சன்' இரண்டே ஆண்டில் தொட்டுவிட்டது. 1835 ஆகஸ்டில், வானியலாளர் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவில் பெரிய தொலைநோக்கி அமைத்து நிலாவில் உயிர்களைக் கண்டுவிட்டார் என்று ஒரு தொடர் வந்தது. நிலாவில் காட்டெருமை மேய்ந்தது, வௌவால் சிறகுள்ள மனிதர்கள் பறந்தார்கள். ஹெர்ஷல் அப்போது உண்மையிலேயே நன்னம்பிக்கை முனையில் இருந்தார், அவருக்குத்தான் இந்தக் கதை எதுவும் தெரியாது. எழுதியவர் 'சன்' இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக். விற்பனை 19,000 பிரதிகளைத் தாண்டிவிட்டது, உலகிலேயே பெரிய நாளிதழ் நாங்கள்தான் என்று 'சன்' அறிவித்தது. வாட்ஸப்பில் வரும் புரளிகளைப் பார்த்து வருந்துகிறவர்கள், புரளிக்கும் விளம்பர வருமானத்துக்கும் இடையிலான உறவு எவ்வளவு பழையது என்பதை இங்கே காணலாம்.

அடுத்த ஆண்டே இந்த யோசனை பாரிஸில் முளைத்தது. 1836 ஜூலை 1 அன்று எமில் ஜிரார்தான் 'லா பிரெஸ்' நாளிதழைத் தொடங்கினார். மற்ற பத்திரிகைகளின் ஆண்டுச் சந்தா 80 பிராங்க், அவருடையது 40. பாதியை விளம்பரம் தரும் என்றார். அதே நாளில் அதே 40 பிராங்குக்கு 'லெ சியெக்ல்' என்ற நாளிதழும் வந்தது. அதைத் தொடங்கிய துதாக், ஜிரார்தானின் முன்னாள் கூட்டாளி. யோசனையோடு பிரிந்துபோய்ப் போட்டிக் கடை போட்டவர். பழைய பத்திரிகைகள் கொதித்தன. வாய்ச்சண்டை முற்றி, 'லெ நாசியோனால்' ஆசிரியர் ஆர்மான் காரெலும் ஜிரார்தானும் ஜூலை 22 அன்று கைத்துப்பாக்கிகளோடு நேருக்கு நேர் நின்றார்கள். இருவருக்கும் காயம். இரண்டு நாள் கழித்துக் காரெல் இறந்துபோனார். பாதி விலைப் பத்திரிகையை ஒட்டி எழுந்த சண்டை ஓர் ஆசிரியரின் உயிரைக் குடித்தது. சில மாதங்களில் 'லா பிரெஸ்' பால்சாக்கின் நாவலைத் தொடராக வெளியிட்டது. நாளை என்ன ஆகும் என்று வாசகர் காத்திருந்தால் மறுநாளும் பத்திரிகை வாங்குவார், விளம்பரமும் அவர் கண்ணில் படும். தொடர்கதைகளால் வளர்ந்த நம் வார இதழ்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

இங்கிலாந்தில் இது தாமதமானதற்குக் காரணம் வரி. 1712 முதல் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அரசு வரி வாங்கியது, 1853இல்தான் அது ஒழிந்தது. ஆனாலும் அங்கே நாளிதழின் முகமே விளம்பரமாக இருந்தது. லண்டன் 'டைம்ஸ்' 1966 வரை முதல் பக்கத்தில் செய்தி போடவில்லை, வரிவரியாக விளம்பரங்களையே போட்டது. சென்னையின் 'தி ஹிந்து'வும் 1958 வரை அப்படித்தான் வந்தது. நாடு விடுதலை அடைந்த காலத்திலும் அதன் முதல் பக்கம் விளம்பரத்துக்கே உரியது.

அமெரிக்க மாத இதழ்கள் இதே பாதையில் நடந்தன. 1893இல் ஃபிராங்க் மன்சி தன் இதழின் விலையை 25 சென்டிலிருந்து 10 சென்டாக இறக்கினார். போட்டியாளர்களும் இறக்கினார்கள். எத்தனை பிரதி விற்கிறது என்பதில் பொய் பெருகவே, 1914இல் விற்பனையைத் தணிக்கை செய்ய ஓர் அமைப்பே உருவாக்க வேண்டியதாயிற்று.

பிறகு வானொலி. காற்றில் போகும் குரலுக்கு யாரிடம் காசு வாங்குவது? ஐரோப்பிய அரசுகள் பெட்டி வைத்திருப்பவரிடம் உரிமக் கட்டணம் வாங்கின. நம் ஊரிலும் அஞ்சலகத்தில் ரேடியோ லைசென்ஸ் கட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் விடை தற்செயலாக வந்தது. நியூயார்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையத்தை நடத்தியது ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம். அவர்கள் வானொலியைப் பொதுத் தொலைபேசிக் கூண்டைப் போலப் பார்த்தார்கள். பேச விரும்புகிறவர் காசு கட்டிவிட்டு உலகத்தோடு பேசிக்கொள்ளலாம். 1922 ஆகஸ்ட் 28 அன்று ஒரு வீட்டுமனை நிறுவனம் 50 டாலர் கட்டி, ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் தான் கட்டிய அடுக்குமாடி வீடுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியது. வீடுகள் விற்றன. வானொலி விளம்பரம் பிறந்தது. பத்தாண்டுக்குள் சோப்பு நிறுவனங்கள் வீட்டிலிருக்கும் பெண்களுக்காகப் பகல்நேரத் தொடர் நாடகங்களைத் தயாரித்தன. இன்று வரை ஆங்கிலத்தில் நெடுந்தொடர்களுக்குச் சோப்பின் பேர்தான்.

தமிழர் காதில் இந்தக் கதை கொழும்பிலிருந்து ஒலித்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைகளுக்காக இலங்கையில் சக்திமிக்க ஒலிபரப்பு வசதி அமைந்தது. போர் முடிந்ததும் அது இலங்கைக்குக் கிடைத்தது. 1950இல் ரேடியோ சிலோன் வர்த்தகச் சேவையைத் தொடங்கியது. 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குத் திரைப்பாடல்கள் பிடிக்கவில்லை, அகில இந்திய வானொலி அவற்றை ஒதுக்கியது. நேயர்கள் முள்ளைத் திருப்பினார்கள். பினாகா பற்பசையின் காசில் இந்திப் பாட்டு வந்தது. தமிழ்ச் சேவையில் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல்போல ஆயின. ஓர் அரசு தன் மக்கள் என்ன கேட்க வேண்டும் என்று தீர்மானித்தபோது, கடல் தாண்டி வந்த விளம்பரக் காசு மக்கள் கேட்க விரும்பியதைக் கொடுத்தது. விளம்பரத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்த நன்மையையும் கணக்கில் எழுத வேண்டும். கடைசியில் இந்திய அரசு 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி, 1967இல் அதில் விளம்பரத்தையும் அனுமதித்தது. தொலைக்காட்சி வந்தபோது யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. வானொலியின் வழி தயாராக இருந்தது.

இணையம் வந்தபோது மீண்டும் அதே திகைப்பு. 1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்ட்' என்ற தளம், பக்கத்தின் தலைப்பில் நீளப் பட்டையாக விளம்பரம் போட்டது. இங்கே சுட்டியை அழுத்தியதுண்டா, அழுத்தத்தான் போகிறீர்கள் என்ற பொருளில் ஒரு வாசகம். பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அழுத்தினார்கள். இன்றைய விளம்பரக்காரர் கனவிலும் காணாத எண் அது. அந்த பேனரைப் போட்ட நிறுவனம் எது தெரியுமா? ஏடி அண்ட் டி. 72 ஆண்டுக்கு முன் வானொலியில் விளம்பரத்துக்குக் கதவு திறந்த அதே பெயர்.

அதே 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி, தளம் ஒன்று பயனரின் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கியை உருவாக்கினார். கடைத் தளத்தில் வாங்குபவர் கூடையில் என்ன போட்டார் என்பதை மறக்காமலிருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். டபுள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் அதையே எடுத்து, ஒருவர் தளம் தளமாகப் போவதைப் பின்தொடரப் பயன்படுத்தின. பாப்-அப் ஜன்னலும் இப்படிப்பட்ட விபத்துதான். ட்ரைபாட் தளத்தில் ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான பக்கத்தில் வந்துவிட, அந்தப் பக்கத்தோடு ஒட்டாமல் விளம்பரம் தனி ஜன்னலில் திறக்க ஈதன் ஸக்கர்மன் நிரல் எழுதினார். 2014இல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார்.

பெரிய பணம் வேறிடத்தில் இருந்தது. 1998இல் பில் கிராஸ், மஞ்சள் பக்கங்களில் வணிகர்கள் இடத்துக்குக் காசு கட்டுவதை மனத்தில் வைத்து, கோடூ என்ற தேடுதளத்தைத் தொடங்கினார். தேடும் சொல்லை ஏலம் விட்டார். ஒரு கிளிக்குக்கு அதிகம் தருகிறவர் மேலே வருவார், யாரும் அழுத்தாவிட்டால் காசு இல்லை. தேடலைக் காசுக்கு விற்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டு செர்கே பிரின்னும் லாரி பேஜும் எழுதிய கட்டுரை, விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி விளம்பரக்காரர் பக்கம் சாயும் என்று எச்சரித்தது. அந்த இருவர்தான் கூகுளைத் தொடங்கியவர்கள். 2000இல் 350 விளம்பரக்காரர்களோடு அவர்களும் விளம்பரத்துக்கு வந்தார்கள். 2002இல் கிளிக் ஏலத்தையே எடுத்துக்கொண்டு, இரண்டு திருத்தம் செய்தார்கள். மக்கள் அதிகம் அழுத்தும் விளம்பரத்துக்குக் காசு குறைவானாலும் மேலிடம். ஏலத்தில் வென்றவர் தான் சொன்ன தொகையைக் கட்ட வேண்டியதில்லை, அடுத்தவரை முந்தத் தேவையானதைக் கட்டினால் போதும்.

இந்த இரண்டாம் விலை ஏலத்தின் தத்துவத்தைப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் விளக்கினார். 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருக்கும் வெகு முன்னால், 19ஆம் நூற்றாண்டிலேயே, அமெரிக்கத் தபால்தலை சேகரிப்பாளர்கள் அஞ்சல் வழி ஏலத்தில் இதையே பின்பற்றியிருக்கிறார்கள். நேரில் வர முடியாதவர் ஏமாறக் கூடாது என்று தபால்தலைக்காரர்கள் வைத்த விதி, உலகின் மிகப் பெரிய விளம்பரச் சந்தையில் வந்து உட்கார்ந்தது. கோடூ ஓவர்ச்சர் என்று பேர் மாற்றிக்கொண்டு கூகுள் மீது காப்புரிமை வழக்குப் போட்டது. 2004இல் கூகுள், ஓவர்ச்சரை வாங்கியிருந்த யாஹூவுக்கு 27 லட்சம் பங்குகளைக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு, சில நாளில் பங்குச்சந்தைக்குள் நுழைந்தது.

இந்த நெடும் பயணத்தில் ஒரே ஒரு திருப்பம்தான் எனக்கு உறுத்துகிறது. 'சன்' நாளிதழில் விளம்பரம் தந்தவருக்கு அதைப் படித்தவர் யாரென்று தெரியாது. பினாகா விற்றவருக்கும் தெரியாது. கூட்டத்தை மொத்தமாக வாங்கினார்கள், அதில் தவறில்லை. குக்கி வந்த பிறகு விலை பேசப்படுவது தனி ஆள்: அவர் தேடிய நோய், பார்த்த சேலை, போய்வந்த ஊர். ஐரோப்பாவில் 2018 முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது, இந்தியாவும் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. அவற்றைக் கண்டிப்பாக அமல்படுத்தினால் விளம்பரத் தொழில் அழியாது. ஆளைத் தொடராமலேயே அது நூற்றறுபது ஆண்டு செழித்திருக்கிறது.

இதனிடையே தாய்வீடு நலிந்துவிட்டது. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருவாய் 2005இல் சுமார் 4,900 கோடி டாலர். 2020இல் அது 1,000 கோடிக்கும் கீழே போயிற்று. வரி விளம்பரமும் வேலை விளம்பரமும் இணையத்துக்குப் போய்விட்டன. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அங்கே நாளிதழ்கள் விளம்பரக்காரரைவிட வாசகரிடம் அதிகம் சம்பாதித்த முதல் ஆண்டு 2020. நீங்கள் மதிக்கும் ஒரு தமிழ் இதழ் இருந்தால், அதற்கு இந்த மாதமே சந்தா கட்டுங்கள்.