ஐந்து முறை சொன்ன தீர்ப்பு

வாக்களிக்கச் செல்பவன் எதை அளவுகோலாகக் கொள்வது? சாதியையா, கைக்கு வந்த காசையா, கற்பூரத்தின் மீது செய்து கொடுத்த சத்தியத்தையா? அல்லது, அவன் நெஞ்சம் நேர்மை என்று ஏற்றுக்கொண்ட ஒன்றையா? ஏட்டிலே எழுதிவிட எளிதான கேள்வி இது. நாட்டிலே விடை கண்டவர்கள் சிலரே. அந்தச் சிலருள் ஒரு கூட்டத்தாரை நம் தோழர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர்கள் மன்னர்களல்லர், மாமேதைகளுமல்லர். செருப்புத் தைத்துப் பிழைத்தவர்கள்!

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ளது நார்தாம்ப்டன். தோலும் ஊசியும் நூலுமாக வாழ்ந்த ஊர். அந்த ஊருக்குக் காமன்ஸ் சபையில் இரண்டு இடங்கள். 1868இல் அங்கே வேட்பாளராக வந்து நின்றார் சார்லஸ் பிராட்லா. இலண்டனின் ஏழைக் குடும்பத்தில் 1833இல் பிறந்தவர். 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தைக் கண்டவர். கடவுள் இல்லை என்பதை மேடைதோறும் முழங்கியவர். முடியாட்சி வேண்டாம் என்றவர். ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் பேரறிஞர் அவருடைய தேர்தல் நிதிக்குப் பத்துப் பவுன் அனுப்பினார். நாத்திகனுக்கு நிதி தந்தார் என்னும் பழி, அந்தத் தேர்தலில் மில்லின் தோல்விக்கும் ஒரு காரணமாயிற்று!

அந்நாளில் வாக்கு என்பது மறைவானதன்று. முதலாளி கேட்க, பாதிரியார் பார்க்க, வேட்பாளரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வயிறு ஒரு பக்கம், மனச்சான்று மறுபக்கம். பிராட்லா தோற்றார். 1872இல் இரகசிய வாக்குமுறைச் சட்டம் வந்தது. ஆயினும் 1874இல் இருமுறை நின்றும் தோற்றார். திரை போட்டால் மட்டும் போதாது. திரைக்குப் பின்னே நிற்பவன் தெளிவு பெற்றிருக்க வேண்டும். தெளிவூட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார் பிராட்லா. இடையில், 1877இல், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலொன்றை வெளியிட்டதற்காக வழக்கு மன்றத்திலும் நின்றார். உடன் நின்றவர் அன்னி பெசன்ட். ஆம், பின்னாளில் அடையாற்றிலே அமர்ந்து பூர்வஜென்மம் பேசினாரே, அதே அம்மையார்தான்!

1880இல் வெற்றி வந்தது: 3,827 வாக்குகள். உடன் வென்ற லபூஷேர் சபைக்குள் சென்று அமர்ந்தார். பிராட்லாவோ வாயிலிலேயே தடுக்கப்பட்டார். உறுப்பினராக அமர்வோர் கடவுளின் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். பிராட்லா, அதற்கு மாறாக உறுதி கூற இசைவு கேட்டார். சபைக் குழு ஒரே வாக்கு வேறுபாட்டில் மறுத்தது. அப்படியானால் சத்தியமே செய்கிறேன், அச்சொற்கள் எனக்குப் பொருளற்றவை, எனினும் அது என்னைக் கட்டுப்படுத்தும் என்றார். நாத்திகன் செய்யும் சத்தியம் செல்லாது என்று அதையும் தடுத்தனர். அந்த மன்றத்திலே கடவுள் நம்பிக்கையின்றியே வாயசைத்துவிட்டு அமர்ந்திருந்தோர் வேறு எவரும் இல்லையா? இருந்தனர்! அவர்கள் மௌனம் காத்தனர். இவர் உண்மை பேசினார். தண்டனை, பேசியவருக்கு. முதலிலேயே சத்தியத்தைச் சொல்லிவிட்டிருக்கலாமே என்று அவரைக் குறை கூறியவர்கள் நண்பர்களிலும் உண்டு. அந்தக் குறையை நாம் ஏற்பதற்கில்லை.

1880 ஜூனில், வெளியேற மறுத்த பிராட்லாவை, நாடாளுமன்ற மணிக்கூண்டிலேயே ஓர் இரவு சிறை வைத்தனர். பிறகு, வழக்கைச் சந்திக்கும் பொறுப்பு உம்முடையது என்று கூறி உறுதிமொழிக்கு இடம் தந்தனர். வழக்கு வந்தது; 1881இல் இடம் பறிபோனது.

இப்போது கேள்வி நார்தாம்ப்டனை நோக்கித் திரும்பிற்று.

இடைத்தேர்தல். எதிர்த்தரப்பார் சொன்ன வாதத்தை நாமும் நம் ஊரிலே கேட்டிருக்கிறோம். உள்ளே நுழையவே முடியாதவனுக்கு வாக்களித்து என்ன பயன்? வாக்கை வீணாக்கலாமா? வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. இரண்டு குரல் கேட்க வேண்டிய ஊருக்கு ஒரு குரல்தான். ஆனாலும் ஏப்ரலில் எண்ணிப் பார்த்தபோது பிராட்லாவுக்கு 3,437, எதிர்த்தவருக்கு 3,305. நூற்று முப்பத்திரண்டு வாக்குகள்! ஆகஸ்டில் சபைக்குச் சென்றவரைக் காவலரும் ஏவலருமாகச் சேர்ந்து, கோட்டு கிழிய, வெளியே இழுத்துப் போட்டனர். 1882இல் தாமே சத்தியம் செய்துகொண்டு அமர்ந்தார், விலக்கினர். மீண்டும் தேர்தல், மீண்டும் நார்தாம்ப்டன் அவரையே அனுப்பியது, நூற்றெட்டு வாக்கு மிகுதியில். 1884இல் மறுபடியும், மிகுதி இப்போது 368. அடி விழ விழ ஆணி இறங்கிற்று.

அந்த வாக்காளர்கள் நாத்திகர்களா? சிலர் ஆம். பெரும்பாலோர் கிறித்தவர்கள். அரசாங்கச் சபையைச் சேராத பிரிவினர் அவர்களில் பலர். தங்கள் முன்னோர் மதத்தின் பேரால் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டதை மறவாதவர்கள். கத்தோலிக்கருக்குக் கதவு திறந்தது 1829இல். யூதரான ராத்சைல்டை இலண்டன் மாநகர் 1847இல் தேர்ந்தெடுத்தது. அவர் அமர முடிந்ததோ 1858இல். அந்த வரிசையில் அடுத்து நின்றவர் பிராட்லா. அவருடைய கொள்கையை ஏற்காதவரும், தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கா சபைக்கா என்று கேட்டுக்கொண்டு வாக்களித்தனர். பிராட்லாவிடம் அந்தத் தொழிலாளி குறை காணக் காரணமும் இருந்தது. சமதர்மத்தை அவர் எதிர்த்தார். எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்குவதையும் பின்னர் எதிர்த்தார். எல்லாவற்றிலும் நம்மை ஒத்த வேட்பாளர் எந்நாட்டில் கிடைப்பார்? எது முதன்மை என்று நிறுத்துப் பார்க்கத்தான் அறிவு. நிறுத்துப் பார்க்கும் உரிமையோ ஆண்களுக்கு மட்டும்; அந்த வீடுகளிலே தோல் தைத்த பெண்கள் 1918 வரை காத்திருந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1883இல் உறுதிமொழி மசோதாவுக்காக வாதாடியவர் கிளாட்ஸ்டன், பழுத்த ஆத்திகர். மசோதா மூன்றே வாக்கில் வீழ்ந்தது. அந்த ஆண்டுகளில் சென்னையிலும் ஒரு விளக்கு எரிந்தது. பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்பு கொண்ட இலௌகிக சங்கத்தார், 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் ஏட்டை நடத்தினர். நம் இயக்கத்துக்கு நாற்பதாண்டு மூத்த பகுத்தறிவு ஏடு!

1885 பொதுத்தேர்தலில் ஐந்தாம் முறையாக அதே தீர்ப்பு. 1886 ஜனவரியில் புதிய சபைநாயகர் பீல், உறுப்பினர் சத்தியம் செய்வதில் குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை என்றார். பிராட்லா அமர்ந்தார். அமர்ந்தவர் 1888இல், விரும்புவோர் உறுதி கூறலாம் என்னும் சட்டத்தைத் தாமே நிறைவேற்றினார். 1889இல் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்தார். இந்தியாவின் உறுப்பினர் என்றே அவரை அழைத்தனர். கடவுளின் பெயராலோ, உளமார உறுதி கூறியோ பதவியேற்கலாம் என்று நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரு வழி வைத்திருக்கிறது. அவற்றுள் இரண்டாவது வழியில்தான் 1967இல் அண்ணாவின் அமைச்சரவை பதவியேற்றது.

1891 ஜனவரி 27 அன்று, பிராட்லாவைத் தடுத்த பழைய தீர்மானத்தைச் சபை தன் குறிப்பேட்டிலிருந்து நீக்கியது. அவர் நோய்ப்படுக்கையில் கிடந்தார். மூன்றாம் நாள் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் இந்திய மாணவர் பலர் இருந்தனர். சட்டம் பயின்றுகொண்டிருந்த காந்தியாரும் அவர்களில் ஒருவர்.