கமின்யு தாஸ் இந்தியாஸ் (தொலைக்காட்சித் தொடர்)

கமின்யு தாஸ் இந்தியாஸ் என்பது 2009ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் குளோபோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போர்த்துக்கீச மொழித் தொடர் ஆகும். இந்தியச் சாதி அமைப்பையும் தீண்டாமையையும் கதைக்களமாகக் கொண்டது. குளோரியா பெரஸ் எழுதினார். சனவரி 19 முதல் செப்டம்பர் 11 வரை 203 பகுதிகளாக ஒளிபரப்பானது.

பெயரின் பின்னணி

தலைப்புக்கு 'இந்தியாவுக்குச் செல்லும் வழி' என்பது பொருள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த கடல்வழியைப் போர்த்துக்கீசர் இப்பெயரால் குறிப்பர். அதே வழியில் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்ரால் என்பவரின் கப்பல்கள்தாம் 1500இல் பிரேசில் கரையைத் தொட்டன. எனவே பிரேசில் மக்களுக்கு இத்தலைப்பு தங்கள் நாட்டு வரலாற்றையும் நினைவூட்டுவதாகும்.

நொவேலா மரபு

பிரேசிலில் நெடுந்தொடரை 'நொவேலா' என்பர். முதல் தொடர் 1951இல் துப்பி தொலைக்காட்சியில் வெளியானது. தினமும் ஒளிபரப்பாகும் தொடர்கள் 1963இல் தொடங்கின. நம் ஊர்த் தொடர்களைப் போல ஆண்டுக்கணக்கில் நீளாமல், பெரும்பாலும் எட்டு, ஒன்பது மாதங்களில் இவை முடிந்துவிடும். இந்தியாவின் முதல் நெடுந்தொடரான 'ஹம் லோக்' (1984), மெக்சிகோவின் இத்தகைய தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டே தூர்தர்சனில் உருவானது.

கதை

வணிகச் சாதியில் பிறந்த மாயா, பகுவான் என்னும் இளைஞனைக் காதலிக்கிறாள். அவன் தலித், சங்கர் என்னும் பிராமணரால் வளர்க்கப்பட்டவன். அவனது பிறப்பு தெரியவரும்போது காதல் சிக்கலாகிறது. அவன் அமெரிக்கா சென்றுவிட, கருவுற்றிருந்த மாயா பெற்றோர் பார்த்த ராஜ் என்பவனை மணக்கிறாள். மாயாவாக ஜூலியானா பாயஸ் நடித்தார். ஜெய்ப்பூர், ஆக்ரா ஆகிய இடங்களில் படப்பிடிப்பு நடந்தது. பெரும்பகுதி ரியோ டி ஜெனிரோவில் அமைத்த அரங்குகளில் எடுக்கப்பட்டது.

வரவேற்பு

'அரே பாபா', 'நமஸ்தே' போன்ற சொற்கள் பிரேசில் மக்களின் அன்றாடப் பேச்சில் பரவின. 2009ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு எம்மி விருதை இத்தொடர் பெற்றது. பிரேசில் நெடுந்தொடர் ஒன்று இவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

கதையும் நடப்பும்

தீண்டாமை என்ற சொல்லைக் கோடிக்கணக்கான பிரேசில் மக்களின் வீடுகளுக்கு இத்தொடர் கொண்டு சென்றது. ஆனால் பட்டும் நகையும் நடனமும் நிறைந்த காட்சிகளில் அக்கொடுமையின் கடுமை மங்கிப்போனது. முடிவில் மாயா தன் கணவன் ராஜோடே வாழ்கிறாள். சாதியை மீறிய காதல் தோற்று, சாதிக்குள் நடந்த திருமணம் நிலைக்கிறது.

இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருந்தாலும், ஊரும் காலனியும் இன்றும் தனித்தனியாகவே இருக்கும் கிராமங்கள் பல. கள்ளக்குறிச்சியை அடுத்த கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் அருகே, சாதி மறுத்து மணந்த முருகேசனும் கண்ணகியும் 2003 சூலையில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். முருகேசன் தலித், வேதிப்பொறியியல் படித்தவர். இவ்வழக்கில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2021 வரை ஆனது. தொடரில் பகுவானுக்கு வெளிநாடு செல்ல வழி இருந்தது. முருகேசனுக்கு அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை.