குரக்கனும் எலும்பின் கணக்கும்

வன்னிப் பெருநிலத்தில் குளங்களின் கீழ் நெல்லும், காடு வெட்டித் திருத்திய சேனைகளில் குரக்கனும் நெடுங்காலம் விளைந்து வந்தன. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் கல்சியமே உண்டு. குரக்கனிலோ 300 மில்லிகிராமுக்கும் மேலுண்டு. மனித உடலிலுள்ள ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது. ஆயின் உண்ட கல்சியத்தில் எலும்பைச் சென்றடைவது எவ்வளவு? இவ்வினாவுக்கு விடைகாண அறிவியலுக்குப் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன.

1939ஆம் ஆண்டில் லூசியஸ் நிக்கல்ஸ், நிமலசூரிய என்னும் இருவர் இலங்கை மக்களின் கல்சியத் தேவை பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் கல்சியமே உண்ட சிறுவரும் அதனை உடலில் நிலைநிறுத்தக் கண்டனர். பால் மிகுதியாக அருந்தும் மேனாடுகள் வகுத்த அளவோ இதனினும் பன்மடங்கு உயர்ந்தது. குறைந்த உணவுக்கு உடல் தன்னை இணக்கிக்கொள்கிறது என்பது அவர்தம் கருத்து.

அக்காலத்து முறை வரவு செலவுக் கணக்கையே ஒத்தது. உண்டதிலிருந்து கழிவை நீக்கினால் எஞ்சுவது உடலில் தங்கியதாகும். ஆனால் மலத்தில் காணும் கல்சியம் முழுவதும் செரியாது கழிந்ததன்று. குருதியிலிருந்து செரிமான நீர்களுடன் குடலுக்குத் திரும்பியதும் அதிற் கலந்துள்ளது. இரண்டையும் பிரித்தறிய அக்கணக்கினால் இயலவில்லை.

அணுவுக்கு அடையாளமிட்டு அதன் வழியைத் தொடரும் உத்தியை 1923இல் ஹெவெசி, கதிர்வீசும் ஈயத்தைக் கொண்டு அவரைச் செடியிற் கையாண்டார். 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசும் பெற்றார். பின்னர் கதிர்வீசும் கல்சியமும் மனிதரில் ஆராயப்பட்டது. எனினும் கருவுற்ற தாய்க்கும் குழந்தைக்கும் அதனைக் கொடுப்பது தகாது. அவர்களுக்கோ கல்சியம் மிக வேண்டும்.

இவ்விடரைத் தீர்த்தவை கதிர்வீசாத சமதானிகள். ஒரே மூலகத்தின் அணுக்களுள் திணிவினால் வேறுபடுபவை இவை. இயற்கைக் கல்சியத்தில் நூற்றுக்கு 97 பங்கு 40 என்னும் திணிவெண்ணுடையது. 42, 44 என்பன அரிதானவை. ஒன்றை உணவுடனும் மற்றொன்றை நாளத்தின் வழியாகவும் செலுத்துவர். குருதியிற் கலந்தபின் இரண்டையும் உடல் வேறுபாடின்றி நடத்தும். ஆகவே ஒரு நாட் சிறுநீரில் இரண்டின் விகிதத்தைத் திணிவு நிறமாலைமானியால் அளந்தால், உண்டதில் உறிஞ்சப்பட்ட பங்கு தெளிவாகும். குறைந்த கல்சியம் உண்டு பழகிய கம்பியா நாட்டுப் பாலூட்டும் தாய்மாரிடம் சமதானிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது.

உணவிற் கல்சியம் குறையும்போது குடல் உறிஞ்சும் பங்கு உயர்வதுண்டு, அதற்கும் எல்லையுண்டு. குரக்கன் போன்ற தானியங்களிலுள்ள பைற்றிக்கமிலம் கல்சியத்தைப் பிணித்து உறிஞ்சலைக் குறைப்பதுமுண்டு. ஆகவே மேனாட்டு அளவுகோலை அப்படியே கொணர்ந்து, வன்னிச் சிறுவன் குறையுற்றவன் எனத் தீர்ப்பது பொருந்தாது. உடல் இணங்கிக்கொள்ளும் என்று கூறி அவன் கலத்தில் உணவைக் குறைப்பது அதனினும் பொருந்தாது.